ஆவியில் ஒரு முழு மீன்: மறைக்காமை பற்றிச் சில யோசனைகள்

முழு மீனைத் தலையோடும் வாலோடும் ஆவியில் வேகவைத்துத் தட்டில் கிடத்துவது பற்றி ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய கவிதைகளைப் பற்றி நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. போகட்டும். எனக்கு இங்கே முக்கியம் 'எதையும் மறைக்காமல் இருத்தல்' என்ற மதிப்பீடு. நம்முடைய சிறிய வட்டத்தில் இது வெகுகாலமாக ஓர் அளவுகோலாகப் புழங்கி வருகிறது. கவிதையில் அலங்காரம் இல்லையென்றால் அது நேர்மை. உரைநடையில் ஜோடனை இல்லையென்றால் அது உண்மை. மசாலா என்ற நல்ல சொல்லையே வசைச்சொல்லாக்கி விட்டோம். இந்த அளவுகோல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை ஸ்தூலமான ஒரு பொருளின் மேல் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். வடசென்னையில் வசிக்கிறவனுக்கு மீனைவிட ஸ்தூலமான பொருள் கைக்குக் கிட்டாது.

செய்முறை சுருக்கமானது. கப்பலில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்று ராயபுரத்தில் வசிக்கும் ஒரு பெரியவரிடமிருந்து எனக்கு வந்தது. அவருக்கு ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் துறைமுகத்தை ஒட்டிய சீனக் கடைகளில் கிடைத்தது. முக்கால் கிலோவுக்கு உட்பட்ட மீன். செதில் நீக்கி, குடலும் செவுளும் எடுத்துவிட்டுத் தலையை அப்படியே விட வேண்டும். இருபக்கமும் முள்வரை இரண்டு மூன்று கீறல். வயிற்றுக்குள் இஞ்சி, வெங்காயத்தாள். அடிப்பக்கமும் ஆவி புகும்படி வெங்காயத்தாளின் தண்டுகளைத் தட்டில் பரப்பி அதன் மேல் மீன். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் உள்ளே வைப்பது; எட்டு அல்லது பத்து நிமிஷம். வெந்ததும் தட்டில் தேங்கியிருக்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும், வாடை அதில்தான் தங்கியிருக்கிறது. பிறகு இழை இழையாக நறுக்கிய புது இஞ்சியும் வெங்காயத்தாளும், அதன் மேல் புகையக் காய்ந்த எண்ணெய், ஓரத்தில் சோயா சாஸ். மஞ்சள் கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது, புளி கிடையாது. இட்லி குண்டானிலேயே செய்யலாம் என்று அவர் சொன்னதில் ஒரு சங்கடம்: குண்டான் வட்டம், மீன் நீளம். முக்கால் கிலோ கொடுவா அதில் அடங்காது. இரண்டாக வெட்டினால் அடங்கும். வெட்டிவிட்டால் எழுத ஒன்றுமில்லை. ஆகவே பெரம்பூரில் எங்கள் வீட்டில் சின்ன சங்கரா, ஒரு சாண் மடவை, அபூர்வமாக வெள்ளை வவ்வால். வவ்வால் குண்டானுக்கென்றே படைக்கப்பட்ட மாதிரி அகலமாக இருக்கும். அதன் விலை மட்டும் வங்கி குமாஸ்தாவுக்கென்று படைக்கப்படவில்லை.

ஆவி நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. இட்லி, புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை என்று நம் நாள் தொடங்குவதே ஆவியில்தான். அரிசிக்கும் உளுந்துக்கும் அளித்த இந்த நம்பிக்கையை நாம் மீனுக்கு அளிக்கவில்லை என்பது யோசிக்கத் தக்கது. மீனை வெறுமனே வேகவைத்துத் தொடங்கும் பிரபலமான தமிழ்ப் பண்டம் சுறாப்புட்டு. அதிலும் வெந்த சுறாவைத் தோலுரித்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் சேர்த்துக் கிளறி முடிக்கும்போது அது நீந்திய ஒன்று என்பதற்கு அடையாளம் மிஞ்சாது. மற்ற கரைகளிலும் இதுதான் நிலைமை. வங்காளி இலிஷை ஆவிக்குக் காட்டுமுன் கடுகு விழுதில் புதைக்கிறான். பார்சி, பச்சைச் சட்னியைத் தடவி வாழையிலையில் சுற்றிவிடுகிறான். மலையாளி மசாலாவோடு இலையில் பொதிந்து கல்லில் இடுகிறான். மீனை அம்மணமாக ஆவிக்குள் அனுப்ப இந்தியச் சமையலுக்கு ஏதோ ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. தமிழன் மீனின் முகத்தைப் பார்க்க அஞ்சுகிறவன் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மீன்தலைக் குழம்புக்கு வீட்டில் நடக்கும் போட்டி அந்த முடிவைப் பொய்யாக்கிவிடும். தலை நமக்கு வேண்டும். அது குழம்புக்குள் முங்கி, உடலை விட்டுப் பிரிந்து, ஒரு துண்டாக வேண்டும்.

குழம்பு மறைப்பது எதை? மீனை என்று சொல்வது மேலோட்டமான பதில். அது மறைப்பது காலத்தை. கடல்மீனின் சதையில் ட்ரைமெதிலமைன் ஆக்ஸைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெதிலமைனாக மாற்றுகின்றன. மீன்நாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். செத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை மூக்குக்கு அறிவிக்கும் கடிகாரம் இது. புளியின் அமிலம் இதைப் பிடித்து, ஆவியாகிப் பறக்க முடியாத உப்பாக்கி, குழம்பிலேயே கட்டிப்போட்டு விடுகிறது. ரசாயனம் தெரியாத நம் பாட்டிமார்கள் கடிகாரத்தை நிறுத்தும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார்கள். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்ற வாக்கியத்தை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். காலம் கடப்பதையே லாபமாக மாற்றிக்கொண்ட சமையல் அது.

இதைக் கபடம் என்று நினைப்பவர்கள் மீன் எந்த வழியாக யாரிடம் வந்து சேர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஐஸும் குளிர்பெட்டியும் பொதுவாவதற்கு முன், கரையிலிருந்து கூடையில் ஏறிய மீன் உள்ளே வர வர வயதாகிக்கொண்டே வந்தது. கடைசியாக மிஞ்சியது மலிவாக விலைபோனது. மலிவானதைத் தேடியவர்கள் சாயங்காலம் சங்கு ஊதிய பிறகு வெளியே வந்தவர்கள். 1996ல் மூடப்பட்ட பின்னி ஆலையும், 1955ல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையும், அதற்கும் முந்திய ரயில்வே பட்டறைகளும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் எங்களுடையது. அந்த வீடுகளில் புளி இல்லாமல் மீன் இல்லை. ஏழை தன்னுடைய நேரத்தைத் தானே நிர்ணயிக்க முடியாதவன். அவனுக்கு வந்து சேரும் பொருள்களும் நேரம் தவறியே வருகின்றன. புளி அந்தத் தவறிய நேரத்தை ஈடுகட்டியது. மசாலாவை வசைச்சொல்லாக்கிய விமர்சகர்கள், நானும் அந்தச் சொல்லை அச்சில் பயன்படுத்தியிருக்கிறேன், அது யாருடைய தேவையிலிருந்து பிறந்தது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 'அலங்காரமற்ற' என்ற தகுதியை வாங்கிக்கொள்ளப் புதுசான பொருள் கையில் இருக்க வேண்டும். அது எல்லோர் கையிலும் இருப்பதில்லை.

ஆவியில் வேகும் மீன் இந்தக் கடிகாரத்தை ஓட விடுகிறது. ஆறு மணி நேரம் தாமதித்த மீனும் அரை நாள் தாமதித்த மீனும் குழம்பில் ஒன்றுதான். ஆவியில் அவை வேறு வேறு ஜாதி. அதனால்தான் வாங்குகிறபோது மீனின் கண்ணைப் பார்க்கிறோம். கண் புடைத்துப் பளிங்கு மாதிரி இருந்தால் வாங்கலாம். குழிந்து பாலேறியிருந்தால் கூடாது. செவுளைத் தூக்கி ரத்தச் சிவப்பா என்று பார்ப்பது அடுத்தது. பிறகு குண்டானைத் திறக்கும்போதும் கண்ணைத்தான் பார்க்கிறோம். தெளிவாக இருந்த கண் வெந்ததும் சுண்ணாம்பு உருண்டையைப் போல வெளுத்து வெளியே துருத்தும். அதுவே இறக்குவதற்கு அறிகுறி. ஒரே கண்ணை இரண்டு முறை, இரண்டு காரியத்துக்காகப் பார்க்கிறோம். மீனுக்கு இமை கிடையாது. எனவே செத்த பின்னும் அது பார்ப்பது போன்ற பிரமை நீடிக்கிறது. மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கும் என்று நம்பி, அந்தக் கண்ணை ஒரு தெய்வத்துக்கே பெயராக வைத்த ஊர் மதுரை. அதே கண் காசிமேட்டில் தரப் பரிசோதனைக் கருவி. பார்க்கும் கண்ணை நாம் பார்ப்பதே இல்லை, பார்க்கப்படும் கண்ணைத்தான் பார்க்கிறோம் என்பது என் முதல் சந்தேகம்.

ஏனென்றால் மாமிசம் தின்பவர்களிடையே இப்போது ஒரு புதிய தர்மம் பரவியிருக்கிறது: தின்றால், தின்பதைக் கண்கொண்டு பார்க்கும் தைரியமாவது வேண்டும். தலையை வெட்டி எறிந்துவிட்டுத் துண்டை மட்டும் தின்பவன் கோழை, முழு மீனைத் தட்டில் எதிர்கொள்பவன் நேர்மையானவன். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இந்த விவகாரத்தில் பழைய தர்மம் நேர் எதிரானது. பிக்குவின் பாத்திரத்தில் விழும் மாமிசம் தனக்காகவே கொல்லப்பட்டதை அவன் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்கவும் இல்லை என்றால் அதை உண்ணலாம் என்றது பௌத்த விநயம். பார்க்காமையே அங்கே சுத்தம். வள்ளுவர் புலால் மறுத்தலில் இந்த மாதிரிச் சமாதானத்தின் கழுத்தில்தான் கை வைக்கிறார் என்று தோன்றுகிறது. தின்பதற்கென்று கொல்லாத உலகில் விலைக்கு விற்பவனும் இருக்கமாட்டான் என்று, கொல்பவனையும் விற்பவனையும் வாங்குபவனையும் அவர் ஒரே கயிற்றில் கட்டுகிறார். வாங்குபவன் பார்த்தானா, பார்க்கவில்லையா என்பது அந்தக் கயிற்றுக்குப் பொருட்டே இல்லை. பார்க்காதவனும் கட்டுண்டவன், பார்த்தவனும் கட்டுண்டவன். நம் காலத்துத் தைரியசாலி, பார்த்ததாலேயே கயிறு தளர்ந்துவிட்டதாக நினைக்கிறான். பிக்குவின் சமாதானத்துக்கும் இவனுடைய சமாதானத்துக்கும் திசைதான் வித்தியாசம்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் நிலைமை மோசமாகிறது. ஆவி மீனுக்கு வேண்டிய உச்ச தகுதி புதுமை. ஹாங்காங்கின் கடல்மீன் கடைகளில் தொட்டியில் நீந்தும் மீனை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கிறார். அதை உயிரோடு கொண்டுவந்து காட்டி, அவர் தலையசைத்த பிறகே சமையலறைக்குக் கொண்டு போவதும் உண்டு. இங்கேயும் அது எட்டாத விஷயமாக இல்லை. 1997ல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவைப் பிடிப்பிலேயே முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்ட பிறகு, குளத்திலிருந்து வேண்டிய நாளில் எடுக்கக்கூடிய மீனாக அது ஆகியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கிற தடைக்காலத்தில் இந்த வசதி அதிகம் தெரியும். புதுமை என்பதை அதன் தர்க்கத்தின் கடைசிவரை கொண்டு போனால் கிடைப்பது இதுதான்: எனக்காக, நான் கேட்டதால், நான் கேட்ட நேரத்தில் நிகழ்ந்த சாவு. பிக்குவுக்கு விலக்கப்பட்ட மூன்றும் ஒரே தட்டில். 'மறைக்காத சமையல்' என்று நாம் கொண்டாடுவது தன் உச்சத்தில் இதைத்தான் கேட்கிறது.

கடலில் பிடித்த மீனுக்கு வேறு ஒரு விசித்திரம் உண்டு. ஆட்டுக்குக் கத்தி இருக்கிறது, கத்தியைப் பிடித்த கை இருக்கிறது. வலையில் வந்த மீனைப் பெரும்பாலும் யாரும் கொல்வதில்லை. அது மற்ற மீன்களின் பாரத்தில், படகின் தளத்தில், ஐஸில், தானே மூச்சடங்குகிறது. வள்ளுவருடைய கயிற்றில் கொல்பவனின் முனையில் யாரும் இல்லை. அதனாலோ என்னவோ, மீனைக் கணக்கில் சேர்க்காத சைவர்கள் சில கடற்கரைகளில் உண்டு. 2003ல் ஸ்காட்லாந்தில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அமிலமும் தேனீ விஷமும் ஏற்றிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அவை உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்ததையும் தீனியை மறுத்ததையும் பதிவு செய்தார்கள். வலி இருக்கிறது என்பதற்கு இது போதுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மனிதனின் முகம் நம்மைக் கொல்லாதே என்று கட்டளையிடுகிறது என்பதை மையமாக வைத்து 1961ல் பெரிய புத்தகம் எழுதிய லெவினாஸிடம், 1986ல் ஒரு பேட்டியில், மிருகத்துக்கும் முகம் உண்டா என்று கேட்டார்கள். நாய் விஷயத்தில் முற்றாக மறுக்க முடியாது என்ற தோரணையில் பேசியவர், பாம்பு என்று வந்ததும் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றுவிட்டார். மீனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நேர்மையான மனிதர் இன்னும் சங்கடப்பட்டிருப்பார். தட்டில் கிடக்கும் தலை ஒரு முகமா என்பதை எவ்வளவு உற்றுப் பார்த்தும் என்னாலும் முடிவு செய்ய முடிவதில்லை. உற்றுப் பார்ப்பதால் முடிவு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைதான் போய்விட்டது.

கப்பல் பெரியவர் சொன்ன ஒரு வழக்கம் என்னை வேறு பக்கம் திருப்பியது. தென்சீனக் கரையில் தட்டில் இருக்கும் மீனின் மேல்பக்கத்தைத் தின்று முடித்ததும் அதைப் புரட்டிப் போடக் கூடாது. முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைத் தின்ன வேண்டும். மீனைப் புரட்டினால் எங்கோ கடலில் ஒரு படகு புரளும் என்பது செம்படவர்களின் நம்பிக்கை. மூட நம்பிக்கைதான். ஆனால் நான் அறிந்த அளவில், சாப்பாட்டு மேஜையில் மீனைப் பார்த்து மீனவனை நினைக்கும்படி கைகளுக்கே பழக்கிவைத்த ஏற்பாடு இது ஒன்றுதான். மீனின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம் பற்றிப் பேசுகிறவர்கள், தட்டில் இல்லாத ஒருவனைப் பற்றிப் பேசுவதில்லை. முழு மீன் எதையும் மறைக்கவில்லை என்கிறார்கள். அது மறைக்காதது மீனை மட்டும்.

பெரம்பூரில் நான் மீன் வாங்குவது ஒரு குறிப்பிட்ட அம்மாளிடம். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வருபவர். குழம்பு மீன் வாங்கிய நாட்களில் அவரிடம்தான் வாங்க வேண்டும் என்ற அவசியம் எனக்கு இருந்ததில்லை. புளியும் மிளகாயும் இருக்கிற வீட்டுக்காரன் யாரையும் நம்பத் தேவையில்லை. ஆவியில் வைக்கத் தொடங்கிய பிறகுதான் நான் அவருடைய சொல்லில் மாட்டிக்கொண்டேன். கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அரைகுறை ஞானம். நாள் கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகில் முதல் நாள் பிடித்ததும் கடைசி நாள் பிடித்ததும் ஒரே ஐஸில்தான் வருகின்றன. ஐஸில் நன்றாக வைத்த கண் சில நாளைக்குப் பொய் சொல்லும். எது எந்தப் படகில் வந்தது, எது இன்று காலை பைபர் படகில் கரைக்கு வந்தது என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிய வழியில்லை. நான் ஒன்றைக் கையில் எடுப்பேன். அவர் என் கையைப் பார்ப்பார், மீனைப் பார்க்கமாட்டார். "இத்த கொழம்புக்கு எட்த்துக்கோ நைனா, அதுக்கு ஆவாது" என்பார். அந்த மீனின் கண் கண்ணாடி மாதிரி இருக்கும். நான் கீழே வைத்துவிடுவேன்.

வங்கியில் என் வேலையில் ஒரு பகுதி கையெழுத்தை ஒப்பிடுவது. காசோலையில் இருப்பதும் எங்களிடம் இருக்கும் மாதிரியும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். கையெழுத்து சரியாக இருந்தால் பணம் போகும். ஆள் யார், எதற்குக் கொடுக்கிறார் என்பது என் கேள்வி இல்லை. ஆளை நம்ப வேண்டிய கஷ்டம் வராமல் இருப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட ஏற்பாடு அது, அதில் தவறும் இல்லை. மீனின் கண்ணைப் பார்ப்பதும் இந்த வகைப் பார்வைதான். இரண்டிலும் கண் வேலை செய்கிறது. எதிரில் இருப்பவருக்கு இடமில்லை. "அதுக்கு ஆவாது" என்ற அந்த வாக்கியம் வேறு. அதைச் சொல்லாமல் இருந்தால் அவருக்கு ஐம்பது நூறு லாபம். அதைச் சோதிக்க என்னிடம் மாதிரிக் கையெழுத்து எதுவும் இல்லை. ஆவியில் மீன் வைப்பதில் ஏதேனும் அறம் சம்பந்தப்பட்ட அம்சம் இருக்குமானால், அது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மசாலாவைக் கைவிட்டவன் தன்னைக் காப்பாற்றும் கவசம் ஒன்றைக் கழற்றிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருடைய நாணயத்துக்குள் போய் நிற்கிறான். அலங்காரமற்ற கவிதைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல ஆசை. அதை எழுதுகிறவன் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறான் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் இராது. நம்முடைய எளிமை பெரும்பாலும் யாரையும் நம்பத் தேவைப்படாத எளிமை.

இந்த நாட்களில் கைபேசித் திரையில் மீன் வாங்குகிறார்கள். தலையோடு வேண்டுமா, தலை நீக்கியா என்று கேட்கிறது. விரலால் தொட்டால் போதும். தலையோடு என்று தொடுகிறவர்களை நேர்மையாளர் பட்டியலில் சேர்க்க வேண்டியதுதான். மீனுக்குத் தலை இருக்கிறது, விற்பவருக்குத் தலை இல்லை.

இத்துடன் நிறுத்தியிருந்தால் கட்டுரை சௌகரியமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாளுக்கும் தெரியாத ஒன்று எங்களுக்கு வடக்கே இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகம் மடவைக்கும் இறாலுக்கும் பெயர்போனது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்து படிந்திருப்பது ரகசியமில்லை. 2017 ஜனவரி 28ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் இறங்கியது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் ஆட்கள் படகில் நின்றுகொண்டு குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். அவர்களுடைய வலையும் படகும் கறுத்துப் போயின. எண்ணெய் வாடை ஏறிய மீனை ஆவி காட்டிக்கொடுத்துவிடும். மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்த வீச்சம் வரும். சாம்பலோடு வரும் உலோகத்தை எதுவும் காட்டிக்கொடுக்காது. செவுள் சிவப்பாக இருக்கும். கண் பளிங்காக இருக்கும். விற்பவர் மனசாரச் சொல்லும் சொல்லும் சுத்தமாக இருக்கும். உலோகம் சதையில் இருக்கும். மறைப்பவர் யாரும் இல்லாமலே ஒன்று மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு நம்முடைய விமர்சன அகராதியில் சொல் கிடையாது.

வள்ளுவருடைய கயிறு இங்கே முறுக்கிக்கொள்கிறது. வாங்குபவன் விலகினால் விற்பவன் விலகுவான் என்பது கொலை விஷயத்தில் நல்ல தர்க்கம். விஷம் விஷயத்தில் நான் விலகினால், கயிற்றின் மறுமுனையில் இழுபடுவது சாம்பலைக் கொட்டியவன் இல்லை, எண்ணெயை விட்டவனும் இல்லை. ஏற்கெனவே வலையை இழந்த தாழங்குப்பத்துக்காரன்தான் இழுபடுகிறான். என்னுடைய சுத்தத்துக்கு அவன் இரண்டாவது முறை தண்டம் கட்டுகிறான். விலகாமல் வாங்கித் தின்பதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்வதும் அபத்தம். வீட்டில் நான் மட்டும் சாப்பிடவில்லை, குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். 2023க்குப் பிறகு நெடுநாள் அந்த அம்மாள், நான் கேட்காமலே, கூடையைத் திறக்கும்போதே "இது எண்ணூரு இல்ல, கடலு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த ஊர் எண்ணூர் பக்கம். தன் ஊரின் பெயரை மறுத்துத்தான் அவர் அந்த வருஷம் மீன் விற்க முடிந்தது. அப்போதும் நான் கண்ணைப் பார்த்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.

போன மாதம் அவர் கூடையில் ஒரு சாண் மடவைகள் எட்டோ பத்தோ இருந்தன. எந்த இடத்து மீன் என்று கேட்டேன். "மொகத்துவாரம்" என்றார், ஒளிக்காமல். தம்பி மகன் வீச்சு வலையில் பிடித்ததாம், விடிகாலையில். குண்டானுக்குச் சரியான அளவு. ஆவிக்கு ஆகுமா என்று கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மீனைத் திருப்பிப் போட்டு, மறுபடி முன்னிருந்த மாதிரியே வைத்தார். "புளி ஊத்தி வச்சிடு நைனா" என்றார். நாலு வாங்கி வந்து அப்படியே செய்தோம்.